கித்துள் மரமும் நாணயமான உழைப்பும்

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது சப்பிரகமுவ மாகாணம். தேயிலையும் இரப்பரும் மாணிக்கக் கல்லுமே அதன் செல்வங்கள் என்று பலரும் எண்ணுவர். ஆனால் அங்கே தோட்டங்கள் தோன்றுவதற்குப் பன்னெடுங்காலம் முன்பிருந்தே மலைச்சாரல் மக்களை வாழ்வித்து வந்த மரமொன்று உண்டு. அதுவே கித்துள். தமிழ்நாட்டார் இதனைக் கூந்தற்பனை என்பர். கேகாலை மாவட்டத்தில், களனி கங்கைக் கரையிலுள்ள கித்துள்கல என்னும் ஊர் இம்மரத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றது. கண்டி அரசில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில் கித்துளைப் பற்றி விரிவாக எழுதினார். சாதாரண மரமொன்று நாளொன்றுக்கு மூன்று நான்கு கலன் இனிய நீர் தரும் என்றும், மக்கள் அதனைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்தனர் என்றும் அவர் குறித்துள்ளார்.

யாழ்ப்பாணத்துப் பனையை அறிந்தவர்களுக்குக் கித்துளின் இயல்பு வியப்பளிக்கும். பனை பல்லாண்டுகள் தொடர்ந்து பாளை விடும். கித்துளோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் பூக்காமல் வளர்ந்து, பின்னரே முதற் பாளையை உச்சியில் விடுகின்றது. அடுத்தடுத்த பாளைகள் அதற்குக் கீழே ஒவ்வொன்றாகத் தோன்றும். கடைசிப் பாளை காய்த்து முடிந்ததும் மரம் பட்டுவிடும். வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த மாப்பொருளை இனிய நீராக்கிக் கொடுத்துவிட்டு மடிகின்ற மரம் அது. ஆதலால் ஒரு பாளையைக் கெடுத்துவிடின், அதற்கு ஈடாக அடுத்த ஆண்டு வருமென்று காத்திருப்பதற்கில்லை.

சீவுவோனுடைய திறமை இங்கேதான் வேண்டப்படுகின்றது. மரத்தோடு கம்புகளைக் கொடிகளாற் கட்டி ஏணியாக்கி, ஐம்பது அடி உயரத்திற்கு ஏறுகின்றான். விரியாத இளம்பாளையின் மடல்களை நீக்கி, பூங்கதிர்களைச் சேர்த்துக் கட்டுகின்றான். பின்னர்ப் பாளையைச் சிறிது கீறி, சாம்பல், உப்பு, மிளகு, உள்ளி முதலியன சேர்த்தரைத்த மருந்தை அதிலே வைக்கின்றான். இம்மருந்தின் பக்குவம் வீட்டுக்கு வீடு வேறுபடும். தந்தை மகனுக்குச் சொல்லிக் கொடுப்பது. நீர் சுரக்கத் தொடங்கியதும் காலையும் மாலையும் மரமேறி, பாளை நுனியை மெல்லியதாகச் சீவி, முட்டியை மாற்ற வேண்டும். மழையென்று ஒரு வேளை தவறினாலும் சுரப்புக் குன்றிவிடும்.

பாளையிலிருந்து சொட்டுகின்ற நீர் தேன்போல் இனிக்கும். ஆனால் அது இனிப்பாக இருக்கும் காலம் மிகக் குறுகியது. காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் வாழும் நொதியங்கள் அதனுட் புகுந்து, சர்க்கரையை மதுசாரமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. சில மணி நேரத்தில் நுரை பொங்கிக் கள்ளாகின்றது. மேலும் விட்டுவைத்தால் வேறு நுண்ணுயிர்கள் மதுசாரத்தைப் புளிப்பாக்க, அது வினாகிரியாகின்றது. நொதித்தல் உயிர்களின் செயல் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லூயி பாஸ்டர் நிலைநாட்டினார். சீவுவோர் அக்காரணத்தை அறியாதிருந்தபோதும், அதனைத் தடுக்கும் வழியை அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்தார் கருப்பநீருக்காக முட்டியிற் சுண்ணாம்பு தடவுவதுபோல, சப்பிரகமுவத்தார் ஹல் என்னும் மரத்தின் பட்டைத் துண்டுகளை முட்டியில் இடுவர். இறக்கிய நீரை உடனே அடுப்பேற்றி வற்றக் காய்ச்சினால் பாணி. இன்னும் இறுகினால் கருப்பட்டி. பல போத்தல் நீர் வற்றினால்தான் ஒரு போத்தல் பாணி கிடைக்கும்.

இத்தொழிலை ஐரோப்பாவின் மதுத்தொழிலோடு ஒப்பிட்டுப் பார்த்தல் பயன் தரும். பிரான்சிலே பெரிய ஆலைகள் தெரிந்தெடுத்த நொதியத்தைத் திராட்சைச் சாற்றிற் சேர்ப்பதும், கந்தக மருந்திட்டுக் காப்பதும் வழக்கம். போஜொலே பகுதியைச் சேர்ந்த ஜூல் ஷோவே (1907–1989) என்னும் அறிஞர், பழத்தோலில் தானே வாழும் நொதியத்தைக் கொண்டு, கந்தகமின்றியே நல்ல மது ஆக்கலாம் என்று ஆராய்ந்து காட்டினார். சிறு உழவர் சிலர் அவர் வழியைப் பின்பற்றினர். 2020இல் பிரான்சு இத்தகைய மதுவுக்குத் தனி முத்திரை ஒன்றை ஏற்றுக்கொண்டது. இயற்கை வேளாண்மையில் விளைந்து கையாற் பறித்த பழம், தானே வந்த நொதியம், வேறு சேர்மானமின்மை என்பன அதன் விதிகள்.

இவ்விதிகளிற் பலவற்றைக் கித்துள் மரம் யாரும் விதிக்காமலே நிறைவேற்றுகின்றது. மரநாய் தின்று கழித்த விதையிலிருந்து ஓடைக்கரையிலும் தோட்டத்து எல்லையிலும் அது தானாக முளைக்கின்றது. 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைப்பட்டபோது தேயிலையும் நெல்லும் தளர்ந்தன. உரமே காணாது வளர்ந்த கித்துளுக்கு அத்தடையால் வந்த குறை ஒன்றுமில்லை. ஆயினும் வேறுபாடொன்று உண்டு. திராட்சை உழவனுக்கு அறுவடை ஆண்டுக்கொருமுறை. ஆக்கிய மது நிலவறையிற் காத்திருக்கும். கித்துள் சீவுவோனுக்கோ அறுவடை நாளுக்கு இருமுறை, எதுவும் காத்திராது. அவனுக்கு முத்திரையும் இல்லை.

முத்திரையில்லாத இடத்திலே கலப்படம் புகுகின்றது. கடைச்சீனியைக் காய்ச்சி நிறமேற்றி, சிறிது பாணியைக் கலந்து, கித்துள் பாணி என்று விற்பவர் உளர். கித்துள் நீரில் இயல்பாக உள்ள சர்க்கரையும் பெரும்பாலும் கரும்புச் சர்க்கரையின் இனமே ஆதலால், நாவினாற் கண்டறிவது அரிது. காற்றிலுள்ள கரியைக் கரும்பு ஈர்க்கும் முறை வேறு. பனையினம் ஈர்க்கும் முறை வேறு. இவ்வேறுபாட்டை அளந்து உண்மை காணும் கருவிகள் ஆய்வுகூடங்களில் உண்டு. கிராமத்துச் சந்தையில் இல்லை. ஏறாமலும் சீவாமலும் செய்த பாணி மலிவாக விற்கையில், உயிரைப் பணயம் வைத்து ஏறியவன் உழைப்புக்கேற்ற விலையைக் கேட்க இயலாது போகின்றது. அவன் மகன் வேறு வேலை தேடி நகரத்துக்குப் போவதில் வியப்பென்ன?

கள் அளவு மீறினால் குடும்பத்தைக் கெடுக்கும் என்பது தோட்டப்புறத்தார் நன்கறிந்த உண்மை. அதனாலேயே அந்நீரைப் பாணியாகவும் கருப்பட்டியாகவும் மாற்றுகின்ற கைத்தொழில் மேலும் மதிக்கத் தக்கது. பாணி வாங்குவோர், இது யார் சீவியது, எந்த ஊர் மரம் என்று கேட்டறிந்து, தெரிந்தவரிடமே உரிய விலை கொடுத்து வாங்குவது, ஆய்வுகூடத்துக்கு எட்டாத இடத்திலும் இயலக்கூடிய காப்பாகும். இன்று ஊன்றிய கித்துள் விதை பாளை விடப் பத்தாண்டுக்கு மேலாகும். அப்போது அதில் ஏறிச் சீவத் தெரிந்த ஒருவன் இருக்க வேண்டுமாயின், இத்தொழிலால் வாழ முடியும் என்பதை அவன் இன்றே, சிறுவனாயிருக்கும்போதே, தன் வீட்டிற் காண வேண்டும்.