கத்தியைத் தொடாதவர் மீதும் கொலை வழக்கு வருமா?

ஆரணியில் ஒரு பட்டுச் சேலை வியாபாரி வீடு என்று வைத்துக்கொள்வோம் (கற்பனைதான்). முகூர்த்த சீசன், கையில் பணம் புழங்கும் நேரம். அங்கே வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "ராத்திரி பெரியவங்க ரெண்டு பேர்தான் இருப்பாங்க" என்று தெரிந்தவர்களிடம் துப்பு கொடுக்கிறார். ஐந்து பேர் கத்தியோடு போகிறார்கள். எதிர்த்த பெரியவரை ஒருவன் குத்திக் கொன்றுவிடுகிறான். "நான் வீட்ல தூங்கிட்டு இருந்தேன் சார்" என்கிறார் தம்பி. தப்பிக்க முடியுமா?

முதலில் அந்த ஐந்து பேரைப் பார்ப்போம். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து கொள்ளையடித்தால் அது கூட்டுக் கொள்ளை. அதில் ஒருவர் கொலை செய்தாலே போதும், அனைவருக்கும் மரண தண்டனையோ, ஆயுள் தண்டனையோ, 10 ஆண்டுக்குக் குறையாத கடுங்காவலோ கிடைக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதா 310(3) சொல்வது இதுதான். 1.7.2024-க்கு முந்தைய சம்பவங்களுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 396-வது பிரிவு. வாசலில் காவல் நின்றவரும், வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தவரும் இதில் அடக்கம்.

நான்கு பேர்தான் போனார்கள் என்றால்? அப்போது 'பொது நோக்கம்' பற்றிய 3(5) பிரிவு வரும். 1923-ல் கொல்கத்தா சங்கரிதோலா தபால் நிலையத்தில் பணம் கேட்டு வந்தவர்கள் போஸ்ட்மாஸ்டரைச் சுட்டுக் கொன்றனர். பிடிபட்டவர், தான் வெளியேதான் நின்றதாகச் சொன்னார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அந்த வாதம் எடுபடவில்லை.

சரி, நம் தம்பி? அவர் அந்த இடத்திலேயே இல்லை. ஆனால் கொள்ளைக்கு ஒப்புக்கொண்டு துப்பு கொடுத்ததே 61-வது பிரிவின்படி குற்றச் சதி. கொலைக்கும் அவர் பொறுப்பா என்பதற்கு 51-வது பிரிவு ஒரு கேள்வி கேட்கிறது: அவர் தூண்டிய செயலால் கொலை நடக்க வாய்ப்பு உண்டு என்று எதிர்பார்க்கக்கூடியதா? சட்டமே தரும் உதாரணம் கிட்டத்தட்ட இதேதான். கொள்ளைக்கு ஒருவர் ஆயுதம் தருகிறார், போனவர்கள் எதிர்த்தவரைக் கொல்கிறார்கள். எதிர்பார்க்கக்கூடிய விளைவு என்றால் ஆயுதம் தந்தவருக்கும் கொலைக்கான தண்டனைதான்.

ஆகவே கத்தி இருப்பது தம்பிக்குத் தெரியுமா, வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தைத்தான் சொன்னாரா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆளில்லாத வீடு, ஆயுதம் பற்றித் தெரியவே தெரியாது என்றால் கொலையிலிருந்து விடுபட வாதிடலாம். சதி வழக்கு அப்போதும் நிற்கும். அழித்த வாட்ஸ்அப் மெசேஜ், கால் பதிவு, டவர் லொகேஷன் எல்லாமே சாட்சியாகலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்படி ஏதாவது பேச்சில் சிக்கிவிட்டீர்களா? சம்பவத்துக்கு முன்பே 112-க்கோ, 'காவல் உதவி' செயலியிலோ சொல்லுங்கள். சதிக்கு ஒப்புக்கொண்டது அழியாது; ஆனால் ஒரு உயிர் போகாது, கொலை வழக்கும் வராது. வீட்டில் யாராவது ஏற்கெனவே கைதாகியிருந்தால் இலவச சட்ட உதவிக்கு 15100. வழக்கின் அடுத்த வாய்தா தேதியை இ-கோர்ட்ஸ் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.