'உங்கள் கட்டணம் என்ன?': மொழிபெயர்ப்பு வேலை அறிவிப்புகளும் மறைக்கப்படும் ஊதியமும்

இணையத்தில் வெளியாகும் மொழிபெயர்ப்பு வேலை அறிவிப்புகளுக்கு ஏறத்தாழ ஒரே வார்ப்புதான். எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு என்பது இருக்கும். பொருள் மருத்துவமா, சட்டமா, விளம்பரமா என்பது இருக்கும். எத்தனை ஆண்டு அனுபவம் தேவை, எந்த மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும், எந்த நாளுக்குள் முடித்துத்தர வேண்டும் என்பனவெல்லாம் தெளிவாக இருக்கும். ஊதியம் மட்டும் இராது. அந்த இடத்தில், 'உங்கள் கட்டணத்தைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கவும்' என்ற ஒரு வரி இருக்கும்.

பார்வைக்கு இது விண்ணப்பிப்பவருக்கு அளிக்கப்படும் சுதந்திரம் போலத் தோன்றும். தன் உழைப்புக்குத் தானே விலை சொல்வது நல்லதுதானே என்று கேட்கலாம். ஆனால் விலை சொல்வதற்கு முதலில் நிலவும் விலை தெரிந்திருக்க வேண்டும். இந்தத் துறையில் அது எந்தப் பாடநூலிலும் இல்லை. பதிப்பகத்தில் பணிபுரியும் உறவினர், மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் கல்லூரி நண்பர், ஏற்கெனவே இதே வேலையைச் செய்யும் அக்கா என்று யாரோ ஒருவர் சொல்லித்தான் அது தெரியவருகிறது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெற்று, மாவட்டத் தலைநகரில் இருந்தபடி அலைபேசியில் வேலை தேடும் தலித் இளைஞருக்கு அந்த 'யாரோ ஒருவர்' பெரும்பாலும் இல்லை. அவர் ஊகித்து ஓர் எண்ணை எழுதுகிறார். வேலை கை நழுவிவிடுமோ என்ற அச்சத்தில் அந்த ஊகத்தையும் குறைத்தே எழுதுகிறார். வேலை கொடுப்பவரோ ஐம்பது விண்ணப்பங்களைப் பார்த்தவர். அவருக்குச் சந்தை முழுவதும் தெரியும்.

இந்த ஊகம் எந்தப் பக்கம் சாயும் என்பதற்குச் சான்று உண்டு. அஷ்வினி தேஷ்பாண்டேயும் கேத்தரின் நியூமனும் தில்லியின் மூன்று பெரிய பல்கலைக்கழகங்களிலிருந்து வேலைச் சந்தைக்குள் நுழையும் மாணவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 2007இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே தகுதி பெற்றிருந்தும் தலித் மாணவர்களின் எதிர்பார்ப்பு தலித் அல்லாத மாணவர்களின் எதிர்பார்ப்பைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. தம் சாதியும் குடும்பப் பின்னணியும் தம்மைப் பின்னுக்கு இழுக்கும் என்று அவர்கள் கருதினர். அந்தக் கணிப்பு பிழையானதல்ல. அதே ஆண்டு சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தனர். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருடன் ஒப்பிடுகையில் தலித் பெயருடைய விண்ணப்பம் அடுத்த கட்டத்துக்குச் செல்லும் வாய்ப்பு 0.67 மடங்காகவே இருந்தது.

இந்த ஆய்வுகள் நிறுவன வேலைகளைப் பற்றியவை. ஆனால் நிறுவன வேலையில் பதவிக்கு ஒரு சம்பள விகிதமேனும் எங்கோ எழுதிவைக்கப்பட்டிருக்கும். ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பில் அதுவும் கிடையாது. குறைந்த எதிர்பார்ப்போடு வருபவரிடம் 'நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்டு, அவர் சொன்னதையே ஊதியமாக நிர்ணயித்தால், சமூகம் ஏற்படுத்திய தாழ்வு அப்படியே ரூபாய்க் கணக்காக மாறுகிறது. யாரும் யாரையும் சாதி கேட்டதாக எந்தப் பதிவும் இருக்காது. 'இதற்கு முன் எவ்வளவு வாங்கினீர்கள்?' என்று சில அறிவிப்புகள் கேட்பது இதைவிடக் கொடியது. ஒருமுறை ஏமாந்தவர் ஒவ்வொரு முறையும் அதே விலைக்கே இழுத்துவரப்படுவார்.

நம் மாவட்டங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு தொழிலோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருநெல்வேலி, தென்காசி, வேலூர் பகுதிகளில் வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்லுக்கு இவ்வளவு. இரண்டும் வீட்டில் செய்யும் துண்டுக்கூலி வேலை. இரண்டிலும் கருவியும் மின்சாரமும் இடமும் தொழிலாளியுடையவை. ஆனால் பீடித் தொழிலாளி நீண்ட தொழிற்சங்கப் போராட்டங்களின் வழியே சில உரிமைகளைப் பெற்றிருந்தார். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து வேலை செய்பவரையும் தொழிலாளி என்று ஏற்றது. சுற்றிய பீடியைத் 'தரமில்லை' என்று கழித்தால், அதன் மீதான தகராற்றைத் தீர்க்க ஓர் அதிகார அமைப்பு வேண்டும் என்றும் சொன்னது. ஆயிரத்துக்கு என்ன கூலி என்பது தெரு முழுவதும் அறிந்த செய்தி. பீடித் தொழிலாளியின் வாழ்வு வளமானது என்பதல்ல இதன் பொருள். அந்தக் கூலியின் சிறுமை எல்லோரும் அறிந்தது. ஆனால் அது வெளிப்படையான சிறுமை. அதனால்தான் அதை எதிர்த்துச் சங்கம் வைக்க முடிந்தது. முதுகலைப் பட்டத்துடன் மடிக்கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்குப் பக்கத்து வீட்டு மொழிபெயர்ப்பாளர் என்ன வாங்குகிறார் என்பதே தெரியாது.

ஊதியம் குறிப்பிடப்படும் அறிவிப்புகளிலும் மறைப்பு உண்டு. 'சொல்லுக்கு ஒரு ரூபாய்' என்றால் எந்தச் சொல்லுக்கு? ஆங்கில மூலத்தின் சொல்லுக்கா, எழுதி முடித்த தமிழின் சொல்லுக்கா? தமிழ் ஒட்டுநிலை மொழி. 'படிக்காதவர்களிடமிருந்தும்' என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஏழு சொற்கள் வேண்டும். 10,000 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஆவணம் தமிழில் 7,000 சொற்களாக முடிகிறது என்று கொள்வோம். மூலச் சொல் கணக்கில் 10,000 ரூபாய். தமிழ்ச் சொல் கணக்கில் 7,000 ரூபாய். அதே உழைப்பு, அதே விகிதம், 3,000 ரூபாய் வேறுபாடு. பிரெஞ்சிலோ ஸ்பானிஷிலோ எழுதுபவருக்கு இந்த இழப்பு நேராது. அந்த மொழிகளில் பெரும்பாலும் சொற்கள் கூடவே செய்யும். தமிழை நன்றாக, செறிவாக எழுதுபவரே குறைவாகப் பெறுவார் என்பது இந்தக் கணக்கின் விந்தை.

இன்னொரு வழக்கம் 'மாதிரி மொழிபெயர்ப்பு'. இருநூறு, முந்நூறு சொற்களில் ஒருவரின் திறனை அறிந்துவிடலாம். ஆயிரம், இரண்டாயிரம் சொற்களை ஊதியமின்றிக் கேட்பது சோதனையல்ல, இலவச உழைப்பு. நாளொன்றுக்கு 2,000 சொற்கள் என்பது இத்துறையில் முழுநாள் வேலையாகப் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. இப்போது கூடுதலாக வந்திருப்பது இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தும் வேலை. கணினி தந்த வரைவைச் 'சற்றே சீர்செய்தால் போதும்' என்று பாதிக்கும் குறைவான விகிதம் பேசப்படுகிறது. அந்தத் தமிழைத் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவது எளிது என்பது வேலையைத் திறந்து பார்த்த பின்பே தெரியும். வரைவின் ஒரு பக்கத்தைக்கூட அறிவிப்பில் காட்டாமல் விலை பேசுவது ஏமாற்று.

சட்டம் இங்கே எந்த அளவுக்குத் துணை நிற்கிறது? அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1946இல் மத்திய சட்டமன்றத்தில் முன்வைக்கப்பட்ட மசோதாவே 1948இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டமாயிற்று. துண்டுக்கூலிக்கும் குறைந்தபட்ச விகிதம் நிர்ணயிக்கலாம் என்பது அதில் இருந்தது. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் இவை அனைத்தும் முதலாளி, தொழிலாளி என்ற உறவை அடிப்படையாகக் கொண்டவை. ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பாளரோ காகிதத்தில் 'சுயதொழில்' செய்பவர். 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு ஊதியப் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. அதுவும் பாலின அடிப்படையில் மட்டுமே. சாதி அதில் இடம்பெறவில்லை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 'கிக்' தொழிலாளர்களை வரையறுக்கிறது. அதன் ஏழாவது அட்டவணை தொழில்முறைச் சேவைகளையும் உள்ளடக்க, ஊடகச் சேவைகளையும் வழங்கும் தளங்களைக் குறிப்பிடுகிறது. ஆனால் அது நலநிதியைப் பற்றிப் பேசுகிறதே தவிர, ஊதிய விகிதத்தைப் பற்றிப் பேசவில்லை.

பிற நாடுகளில் ஊதியத்தை முன்கூட்டியே அறிவிப்பது சட்டக் கடமையாகி வருகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதல், நியூயார்க் நகரில் 2022 நவம்பர் முதல் வேலை அறிவிப்பில் ஊதிய வரம்பைக் குறிப்பிட்டாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு நெறியாணை, நேர்காணலுக்கு முன்பே ஊதிய வரம்பைத் தெரிவிக்கச் சொல்கிறது; முந்தைய ஊதியத்தைக் கேட்பதைத் தடைசெய்கிறது. இவையும் முதன்மையாக நிறுவன ஊழியருக்கானவையே. ஃப்ரீலான்ஸ் உழைப்பாளருக்கென்று நியூயார்க் நகரம் 2017இல் தனிச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: 800 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள வேலைக்கு எழுத்துவழி ஒப்பந்தம் கட்டாயம், நாள் குறிக்கப்படாவிட்டால் வேலை முடிந்த 30 நாள்களுக்குள் பணம் தரவேண்டும்.

திறனுக்கேற்ப விகிதம் மாறும், ஆகவே முன்கூட்டி அறிவிக்க இயலாது என்று வேலை தருவோர் சொல்வதுண்டு. ஒரே எண்ணை யாரும் கேட்கவில்லை. கீழ்வரம்பும் மேல்வரம்பும் போதும். செலவுத் திட்டம் இல்லாமல் எந்த நிறுவனமும் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதில்லை.

நம் பக்கத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சமூகநீதி பேசும் தொண்டு நிறுவனங்களும் பதிப்பகங்களும் வெளியிடும் அறிவிப்புகளிலும் 'மதிப்பூதியம் பின்னர் பேசிக்கொள்ளலாம்', 'ஈடுபாடு உள்ளவர்கள் அணுகவும்' என்ற சொற்களே நிறைந்திருக்கின்றன. யாருக்குமே ஊதியம் இல்லாத இயக்க வேலையில் மொழிபெயர்ப்பாளரும் இலவசமாக உழைப்பது தோழமை. ஆனால் நிதி பெற்று நடக்கும் திட்டத்தில் அச்சகத்தாருக்கும் வடிவமைப்பாளருக்கும் அரங்க வாடகைக்கும் பணம் ஒதுக்கிவிட்டு, வன்கொடுமை பற்றிய உண்மையறியும் அறிக்கையை இரவெல்லாம் அமர்ந்து ஆங்கிலமாக்கும் தலித் மாணவியிடம் மட்டும் தோழமையை எதிர்பார்ப்பது சுரண்டல். அறிக்கையில் அவர் பெயர்கூட இடம்பெறாமல் போவதும் உண்டு. மொழிபெயர்ப்பு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி தனிப் படைப்பு என்பதையும் பெயர் குறிக்கப்படுவது படைப்பாளரின் உரிமை என்பதையும் பிறருக்கு உரிமை கற்பிக்கும் அமைப்புகள் மறக்கலாகாது. விகிதம், கணக்கிடும் முறை, பணம் தரும் நாள், பெயர் குறிப்பு ஆகிய நான்கையும் அறிவிப்பிலேயே எழுத எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

சட்டத்தில் இன்று பயன்படுத்தத்தக்க ஒரு வாயில் இருக்கிறது. மாணவர்கள் பலர் அதை அறிவதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சேவை வழங்கும் தனிநபருக்கும் பொருந்தும். உத்யம் இணையதளத்தில் பதிவுசெய்யக் கட்டணமில்லை. ஆதாரும் பான் அட்டையும் வேண்டும். பதிவுசெய்தவருக்கு, ஒப்பந்தம் எப்படியிருந்தாலும், 45 நாள்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. வேலையை ஒப்படைத்த 15 நாள்களுக்குள் எழுத்து மூலம் குறை சொல்லாவிட்டால் அது ஏற்கப்பட்டதாகவே கருதப்படும்; மூன்று மாதம் கழித்துத் 'தரமில்லை' என்று சொல்லும் தந்திரத்துக்கு இது நேரடி விடை. முறையீட்டை இணையவழியே மாநில வசதியாக்கல் குழுவிடம் அளிக்கலாம். மத்தியப் பொதுத்துறைக் கொள்முதலில் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் குறு, சிறு நிறுவனங்களுக்கு 4 விழுக்காடு இலக்கு இருப்பதால் இந்தப் பதிவு அங்கும் உதவும். பதிவு வேலைக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். விகிதமும் மூலச் சொல் கணக்கும் மின்னஞ்சலில் உறுதிசெய்யப்பட்டிருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து பணத்தைப் பெற இந்தக் குழுவை நம்பியிருக்க முடியாது. அவர்களிடம் முன்பணம் பெற்றுக்கொண்டு தொடங்குவதே வழி.