பண்ணைப் பறவைகளின் உறவுமுறை – 9: கூஸ் வாத்தின் சீற்றமும் பாசமும்

கோழிக் கூட்டத்தில் எது எதைக் கொத்தலாம் என்னும் வரிசை, குஞ்சுகள் வெளிவந்து பல வாரங்கள் கழிந்த பின்னரே மெல்ல நிலைபெறுகிறது என்பதும், அந்த வரிசையை நார்வே நாட்டு ஆய்வாளர் தோர்லெய்ஃப் ஷெல்தெரூப்-எப்பே 1920-களின் தொடக்கத்தில் முறையாக விளக்கினார் என்பதும் சென்ற பகுதியில் கூறப்பட்டன. கூஸ் வாத்தின் நிலை வேறு. தன் இனம் எது, அயல் எது என்னும் தெளிவு அதற்கு வாழ்வின் முதல் இரண்டொரு நாட்களுக்குள்ளாகவே ஏற்படத் தொடங்கிவிடுகிறது. வளர்ப்போர் பிற்காலத்தில் எதிர்கொள்ளும் கடி, துரத்தல், சிறகடி ஆகியவற்றுள் கணிசமான பகுதிக்கு விதை அந்த முதல் நாட்களிலேயே விழுந்துவிடுகிறது.

தமிழில் வாத்து என்னும் ஒரே சொல் இரு வேறு பறவைகளைக் குறித்து நிற்பதால் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. சேற்றைத் துழாவி நத்தையும் புழுவும் உண்ணும் நாட்டு வாத்து ஒன்று. கழுத்து நீண்டு, உடல் பருத்து, ஆடுமாடுகளைப் போலப் புல் மேய்ந்து வாழும் பெரிய பறவை மற்றொன்று. பின்னதைத் தமிழகத்துப் பண்ணையாளர்கள் கூஸ் வாத்து என்றே அழைக்கின்றனர். ஐரோப்பிய வளர்ப்பினங்கள் பெரும்பாலும் சாம்பல் நிறக் காட்டுக் கூஸிலிருந்து தோன்றியவை. சீன இனமும், ஆப்பிரிக்க இனம் என்று பெயர் பெற்றும் ஆப்பிரிக்காவைப் பிறப்பிடமாகக் கொள்ளாத மற்றோர் இனமும், கிழக்காசியாவின் நீள்கழுத்துக் காட்டுக் கூஸின் வழிவந்தவை. அலகின் அடியில் நெற்றியை ஒட்டிப் புடைத்திருக்கும் குமிழைக் கொண்டு இவ்விரண்டையும் எளிதில் அடையாளம் காணலாம். மூலம் எதுவாயினும், குடும்பமாக வாழ்வதும், இணையை நெடுங்காலம் பிரியாதிருப்பதும், குஞ்சுகளைத் தாயும் தந்தையும் சேர்ந்து காப்பதும் இப்பறவைகளுக்குப் பொதுவான இயல்புகளாகும்.

இந்த இயல்பு எவ்வாறு வேர்கொள்கிறது என்பதை முதலில் கூர்ந்து நோக்கியவர்களுள் ஒருவர், பெர்லின் விலங்குக் காட்சிசாலையில் பணியாற்றிய ஓஸ்கர் ஹைன்ரோத் (1871–1945) ஆவார். குஞ்சுபொரிப்பானில் பொரித்த கூஸ் குஞ்சு ஒன்றைக் குஞ்சுகளோடு திரியும் கூஸ் இணையிடம் சேர்க்க விரும்புவோர், குஞ்சை வெளியே எடுத்த கணமே அதை ஒரு பைக்குள் இட்டு, மனித முகத்தைப் பார்க்க விடாமல் கொண்டுசென்று அந்தக் குடும்பத்தின் நடுவே விட வேண்டும் என்று 1911-இல் வெளிவந்த தம் ஆய்வுரையில் அவர் எழுதினார். மனிதனை முதலில் பார்த்துவிட்ட குஞ்சு, தன் இனத்துப் பெற்றோரை அருகில் கண்டாலும் அவற்றைப் பொருட்படுத்தாமல் மனிதனையே நாடி ஓடியதை அவர் திரும்பத் திரும்பக் கண்டிருந்தார். பண்ணை வளர்ப்போருக்கு இன்றும் நேரடியாகப் பயன்படக்கூடிய குறிப்பு இது.

ஹைன்ரோத்தின் வழியில் சென்ற ஆஸ்திரிய ஆய்வாளர் கொன்ராட் லோரென்ஸ் (1903–1989), வியன்னாவுக்கு அருகே தன்யூப் ஆற்றங்கரையிலுள்ள ஆல்ட்டன்பெர்க்கில் சாம்பல் கூஸ்களை வளர்த்து, இந்நிகழ்வை 1935-இல் வெளியான நெடுங்கட்டுரையில் விரிவாக விளக்கினார். நாணயத்தில் முத்திரை குத்துவதைச் சுட்டும் ஜெர்மன் சொல்லால் அவர் அதைக் குறித்தார். தமிழில் முதற்பதிவு எனலாம். மார்ட்டினா என்று அவர் பெயரிட்ட குஞ்சை வளர்ப்புக் கூஸ் ஒன்றின் வயிற்றுக்கு அடியில் அவர் தள்ளியபோதும், அது கதறிக்கொண்டு வெளியே வந்து அவரையே பின்தொடர்ந்தது. இரவிலும் அதன் அழைப்புக்கு அவர் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. லோரென்ஸ் 1938-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதும், மனித இனம் குறித்து அக்காலத்தில் அவர் எழுதியவை ஏற்கத்தகாதவை என்பதும் மறைக்க வேண்டியவை அல்ல. ஆயினும் பறவைகளைப் பற்றிய அவருடைய அடிப்படை நோக்குகள் பிறரால் தனித்தனியே சோதிக்கப்பட்டு நிலைபெற்றவை. முதற்பதிவு ஒருபோதும் மாறாது என்று அவர் கருதியது மட்டும் பிற்காலச் சோதனைகளால் தளர்ந்தது. காட்டு வாத்துக் குஞ்சுகளில் இப்பதிவு பொரித்த 13 முதல் 16 மணி நேரத்துக்குள் உச்சம் பெறுவதை ஆய்வாளர் எக்கார்ட் ஹெஸ் கண்டறிந்தார். அந்த நேரம் கடந்த பின்னரும் உறவு சிறிது சிறிதாக விரியக்கூடும் என்பதே இன்றைய தெளிவு. வளர்ப்போருக்கு நம்பிக்கை தருவதும் அதுவே.

முதற்பதிவுக்கு இரு முகங்கள் உண்டு. யாரைப் பின்தொடர்வது என்பது ஒன்று. வளர்ந்த பின் யாரை இணையாக நாடுவது என்பது மற்றொன்று. பின்னதைப் பாலியல் பதிவு என்பர். கோழிக் குஞ்சுகளுக்கு நடுவே தனித்து வளர்ந்த ஆண் கூஸ், பருவம் எய்தியதும் கோழிகளையே இணையாகக் கருதி மிதிக்க முற்படலாம். இது வெறும் தொல்லையன்று, உயிருக்கே ஆபத்தாகக்கூடியது. சேவலுக்குப் புறத்தே நீளும் இனப்பெருக்க உறுப்பு இல்லை. வாத்தினத்து ஆண்களுக்கு அது உண்டு. ஆகவே ஆண் கூஸிடமோ ஆண் வாத்திடமோ அகப்பட்ட கோழி உட்காயமுற்று இறக்க நேரிடும். நீரில் சிறிய வாத்துப் பெட்டைகளை மிதிக்கும் கூஸ், தன் எடையாலேயே அவற்றை மூழ்கடித்துவிடக்கூடும். ஆகவே பல இனங்களைச் சேர்த்து வளர்ப்போர் கூஸ் குஞ்சுக்குக் கூஸ் துணையும் கட்டாயம் அளிக்க வேண்டும். பிற பறவைகளோடு பழகச் செய்வது அதற்கு அடுத்த நிலையிலேயே வர வேண்டும்.

ஒரே சமயத்தில் பொரிக்கச் செய்து சேர்த்துப் பழக்க விரும்புவோர் அடைக் கணக்கை நினைவில் கொள்ள வேண்டும். கோழி முட்டை 21 நாட்களிலும், நாட்டு வாத்து முட்டை 28 நாட்களிலும், கூஸ் முட்டை ஏறத்தாழ 30 நாட்களிலும் பொரிக்கும் என்பதால், கோழி முட்டைகளைவிட 9 நாட்கள் முன்னதாகக் கூஸ் முட்டைகளை அடை வைப்பது பொருத்தமாகும். நாட்டுக்கோழியின் அடியில் கூஸ் முட்டைகளை வைத்தால் அவற்றின் பருமனும் எடையும் காரணமாகக் கோழியால் அவற்றைச் சரிவரப் புரட்ட இயலாது; நாள்தோறும் கையால் புரட்டிவிட வேண்டியிருக்கும். பொரித்த பின் எல்லாக் குஞ்சுகளையும் ஒரே தொட்டியில் அடைப்பது நல்லதன்று. கூஸ் குஞ்சுகள் தண்ணீரை இறைத்துக் கூளத்தை நனைத்துவிடும். நனைந்த கோழிக்குஞ்சு குளிரால் சாகும், ஈரக் கூளத்தில் இரத்தக் கழிச்சல் நோயும் பெருகும். மேலும், கூஸ் குஞ்சுகள் வெகுவிரைவில் வளர்ந்து சிறு குஞ்சுகளை மிதித்துவிடும். எனவே கம்பி வலையின் இருபுறமும் அருகருகே வைத்து, வெயில் நேரத்தில் புல்தரையில் சில மணி நேரம் கண்காணிப்புடன் ஒன்றாக மேயவிடுவதே தக்க வழியாகும். தீவனத்திலும் ஒரு வேறுபாடு உண்டு: நயாசின் என்னும் வைட்டமின் கோழிக்குஞ்சுக்குத் தேவைப்படுவதைவிட கூஸ் குஞ்சுக்கு அதிகம் தேவை, வெறும் கோழித் தீவனத்தில் வளரும் குஞ்சு கால் வலுவிழக்கும் என்பதால் ஈஸ்ட் கலந்து கொடுப்பது வழக்கம்.

இனி, சீற்றம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதன் உள்ளடக்கம். ஆண் கூஸ் ஒன்று அயலானைக் கண்டதும் கழுத்தைத் தாழ்த்தி முன்னே நீட்டிச் சீறுகிறது. கழுத்து இறகுகள் வரிவரியாக விறைத்து நடுங்குகின்றன. எதிரி பின்வாங்கியதும் அது அவனை நெடுந்தூரம் துரத்துவதில்லை. உடனே திரும்பித் தன் இணையிடம் ஓடிவந்து, கழுத்தை நீட்டி உரத்த குரல் எழுப்புகிறது. இணையும் பக்கத்தில் நின்று அவ்வாறே குரல் கொடுக்கிறது. குஞ்சுகள் இருந்தால் அவையும் சேர்ந்துகொள்கின்றன. ஹைன்ரோத் இதற்கு வெற்றி முழக்கம் என்று பெயரிட்டார். லோரென்ஸ் 1963-இல் வெளியிட்ட வன்செயல் பற்றிய நூலில் இதற்கு மையமான இடம் அளித்தார். அவர் கண்டது இதுதான்: எதிரியை நோக்கி நீட்டப்பட்ட அதே கழுத்து, சற்றே திசைமாறி இணையைக் கடந்து நீளும்போது உறவின் அடையாளமாகிவிடுகிறது. எதிரியே இல்லாத வேளையிலும் கூஸ் குடும்பத்தினர் இம்முழக்கத்தைத் தமக்குள் பரிமாறிக்கொள்கின்றனர். ஆகவே கூஸின் சீற்றம் என்பது அதன் பாசத்திலிருந்து பிரித்தெடுக்கத்தக்க ஒரு குறையன்று; இரண்டும் ஒரே செயலின் இரு பக்கங்கள். சீற்றத்தை முற்றாக அழிக்க முயல்வது வீண். பிற பறவைகளை அயலார் பட்டியலிலிருந்து அகற்றுவதே செய்யத்தக்கது.

அடி எவ்வளவு பொருந்தாத வழி என்பதும் இதிலிருந்து விளங்கும். கூஸ் பாயும்போது மனிதர் அஞ்சி ஓடினால், அது வெற்றி முழக்கத்தோடு இணையிடம் திரும்புகிறது. அடுத்த நாள் அதே பாய்ச்சல் இன்னும் உறுதியாக நிகழ்கிறது. கோலெடுத்து அடித்தாலோ, இணையின் கண்முன்னே எதிரி தாக்கியதாக அது கொண்டு, பகையை நெடுநாள் மறவாதிருக்கிறது. ஓடாமலும் அடிக்காமலும் நின்ற இடத்தில் உறுதியாக நின்று, கைகளை அகல விரித்து, அது விலகிய பின்னர் அமைதியாக நடந்து செல்வதே நல்லது. விடாமல் பாயும் பறவையைப் பின்புறமிருந்து அணைத்து, சிறகுகள் உடலோடு ஒட்டியிருக்கும்படி கக்கத்தில் இடுக்கி, அது தளரும் வரை சில நிமிடம் வைத்திருந்து இறக்கிவிட வேண்டும். கழுத்தையோ சிறகையோ மட்டும் பற்றித் தூக்குவது எலும்பு மூட்டுகளைக் கெடுக்கும், பயமும் வளரும்.

துணையின் மதிப்பை வேறொரு கோணத்தில் காட்டிய ஆய்வு ஒன்று 2003-இல் வெளியாயிற்று. ஆஸ்திரியாவின் க்ருனௌ என்னும் ஊரில், லோரென்ஸ் நிறுவிய கூஸ் கூட்டத்தில், மனிதர் கையால் வளர்த்த இளம் பறவைகளின் எச்சத்திலுள்ள அழுத்த ஹார்மோனின் விளைபொருள்களை அளந்து பார்த்தபோது, வளர்த்தவர் அருகில் இருந்த வேளைகளில் அவற்றின் அளவு குறைந்திருந்தது. அந்த வேளைகளில் பறவைகள் பூசல்களில் அதிகம் வெல்லவும் செய்தன. நம்பிக்கைக்குரியவர் அருகிருந்தால் பறவை அமைதியுறுகிறது, துணிவும் பெறுகிறது. வளர்ப்போர் அருகில் நின்றுகொண்டு புதிய பறவையை அறிமுகம் செய்யும்போது கூஸ் அதிகத் துணிவோடு புதியதைத் துரத்துவது ஏன் என்பதற்கு இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. அறிமுக வேளையில் வளர்ப்பவர் தொலைவில் இருந்து பார்ப்பதே மேல்.

வளர்ந்த பறவைகளைச் சேர்ப்பதற்கு அவசரம் ஆகாது. புதிதாக வாங்கிய பறவையை ஏறத்தாழ 30 நாட்கள் முற்றிலும் தனியே வைத்து நோய் இல்லை என உறுதி செய்ய வேண்டும். வாத்தினங்கள் பறவைக் காய்ச்சல் கிருமியை வெளித்தெரியும் நோய்க்குறி ஏதுமின்றியே சுமக்கக்கூடும் என்பதால் இது தவிர்க்கக்கூடாதது. அதன் பின் இரண்டு வாரம் கம்பி வலைக்கு இருபுறமும் ஒன்றையொன்று பார்த்து, கேட்டு, பக்கத்தில் நின்று உண்ணச் செய்யலாம். சேர்க்கும் நாளில் பழைய பறவைகளின் தொழுவத்தில் விடாமல், இரு தரப்புக்கும் புதிய, மூலைகளற்ற விரிந்த வெளியில் விட வேண்டும். மூலையில் அகப்பட்ட கோழிக்குத் தப்ப வழியில்லை. தீவனத் தொட்டிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் பல இடங்களில் இருக்க வேண்டும். கோழிகள் ஏறி அமரத்தக்க உயரமான பரண்கள் இருந்தால் பூசல் குறையும். கூஸ் பரண் ஏறுவதில்லை. இரவில் எவற்றையும் ஒரே கூட்டில் அடைக்கக் கூடாது. கோழிக்கு உலர்ந்த தரை வேண்டும், கூஸோ இரவு முழுவதும் கூளத்தை ஈரமாக்கிக்கொண்டிருக்கும்.

பருவமும் கணக்கில் கொள்ளத்தக்கது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வந்து தங்கும் பட்டைத்தலை வாத்துகள், உண்மையில் கூஸ் இனத்தவை. அவை அங்கே முட்டையிடுவதில்லை, ஆகவே பிற நீர்ப்பறவைகளோடு ஒரே நீர்நிலையைப் பூசலின்றிப் பகிர்ந்துகொள்கின்றன. காக்க வேண்டிய கூடு இல்லாத காலத்தில் வளர்ப்புக் கூஸும் அப்படித்தான். முட்டையிடும் பருவத்தில் அதே பறவை கூட்டைச் சுற்றி ஒரு வட்டத்தைத் தனதாக்கிக் காவல் காக்கும்; அந்தச் சில வாரங்கள் கோழிகளையும் சிறு வாத்துகளையும் வேலியிட்டுப் பிரித்து வைப்பது தோல்வி ஆகாது. ஓர் ஆணுக்கு இரண்டு முதல் ஐந்து பெட்டைகள் என்ற அளவைக் காத்தால் ஆண்களுக்கிடையிலான பூசலும், பிற இனப் பெட்டைகளை நாடும் போக்கும் குறையும்.

நன்கு பராமரிக்கப்பட்ட கூஸ் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய பறவை. அத்தனை ஆண்டுகளும் இனத் துணையின்றிக் கழிக்க நேர்ந்தால் அது நிலைக்கண்ணாடியையும் வாளியையும் வளர்ப்பவரின் காலையும் இணையாக நாடி அலையும். ஆதலால் சந்தையில் கூஸ் குஞ்சு வாங்கச் செல்வோர் ஒற்றைக் குஞ்சை வாங்கி வரலாகாது. இரண்டு வாங்க இயலாதெனில் வாங்காமலே திரும்பிவிடுங்கள்.

(தொடரும்)