இரவல் கொடுத்த சுதந்திரம்

கொள்ளைநோய் பரவுங் காலத்தில் அரசாங்கத்தின் கட்டளைக்கு அடங்கி நடப்பது குடிமக்களின் கடமையா? அன்றித் தம் உரிமைகளை விட்டுக்கொடாது நிற்பது கடமையா? கொரோனாத் தொற்று நம் நாட்டை வருத்திய 2020, 2021 ஆம் ஆண்டுகளில் இக்கேள்வி பலர் உள்ளத்திலும் எழுந்தது. தொற்றுத் தணிந்தது, ஊரடங்கு நீங்கியது, கேள்வியும் மெல்ல மறக்கப்பட்டது. ஆனால், வெள்ளம் வடிந்த பின்னரே அணைக்கட்டில் எங்கே வெடிப்பு உண்டென்று பார்க்க முடியும். இதனை வயலோடு வாழும் வன்னி மக்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். தொற்றுநோய் தனிமனிதனுடைய சொந்த விடயம் அன்று. ஒருவர் தம் விருப்பப்படி நடந்தால், அதன் விலையை அடுத்த வீட்டு முதியவர் தம் உயிரால் கொடுக்க நேரும். 2020 மார்ச் மாதத்தில் தொடங்கிய கடும் கட்டுப்பாடுகளின் பின், அவ்வாண்டு செப்டெம்பர் முடியும்வரை இலங்கையில் இந்நோயால் இறந்தோர் 13 பேர் மாத்திரமே. பின்னர் நோய் பெருகி, மொத்தத்தில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. ஆதலின், கட்டுப்பாடு என்றாலே கொடுங்கோன்மை என்று பேசுவோர் நோயின் தன்மையை அறியாதவர். கட்டுப்பாடு வேண்டியதே. எத்தகைய கட்டுப்பாடு, எவர் கையில், எவ்வளவு காலத்துக்கு என்பதே நாம் ஆராய வேண்டியது.

இரணைமடு தரும் பாடம்

இதற்கு விடை தேட நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பரந்தன் வயல்களுக்கு நீர் தரும் இரணைமடுக் குளத்தையே நோக்குவோம். காலபோக அறுவடை முடிந்ததும் சிறுபோகத்துக்கான கூட்டம் நடைபெறுகிறது. குளத்தில் உள்ள நீரின் அளவை நீர்ப்பாசன அதிகாரிகள் சபையில் கூறுகிறார்கள். அந்த நீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு என்ன பங்கு, முதல் நீர் எந்நாள், கடைசி நீர் எந்நாள் என்பவை அங்கே தீர்மானமாகின்றன. சொந்த வயலாயினும் அந்தப் போகத்துக்குத் தரிசாக விடவேண்டி வரலாம். தன் உடைமையைத் தன் விருப்பப்படி பயன்படுத்தும் உரிமையை விவசாயி ஊருக்காக விட்டுக்கொடுக்கிறான்.

அவன் மனம் வருந்தலாம். ஆனால் அதனை அநீதி என்று சொல்வதில்லை. காரணம் யாது? முதலாவது, கட்டுப்பாட்டுக்கு ஓர் அளவு உண்டு. குளத்தின் நீர்மட்டம் எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது, அதற்கு ஒரு தவணை உண்டு. போகம் முடியக் கட்டுப்பாடும் முடியும். மூன்றாவது, பங்கு அனைவர்க்கும் ஒரு நியாயத்தில் அமைகிறது. நான்காவது, கூட்டத்தில் எழுந்து நின்று அதிகாரியைக் கேள்வி கேட்கலாம். இந்நான்கும் உள்ளபோது அவன் கொடுப்பது இரவல். இரவல் கொடுத்த மண்வெட்டி வேலை முடிந்ததும் வீடு திரும்ப வேண்டும். இந்நான்கும் இல்லாதபோது, அவன் கொடுத்தது இரவல் அன்று, பறிகொடுத்ததாகும்.

கொரோனாக் காலத்துக் கட்டளைகளை இந்த அளவுகோல் கொண்டு பார்ப்போம்.

சட்டம் எங்கே இருந்தது?

2020 மார்ச் 2 ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. மார்ச் 20 ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. ஏப்ரலில் நடக்கவிருந்த தேர்தல் முதலில் ஜூனுக்கும், பின் ஓகஸ்டுக்கும் தள்ளிப்போயிற்று. ஓகஸ்ட் 20 ஆம் திகதி புதிய பாராளுமன்றம் கூடும்வரை, ஐந்து மாதங்களுக்கு மேலாக, மக்களின் பிரதிநிதிகள் கூடிக் கேள்வி கேட்கும் சபை இருக்கவில்லை. அந்த இடைக்காலத்திலேயே ஊரடங்கை மீறிய குற்றத்துக்காக அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதுசெய்யப்பட்டனர்.

அந்த ஊரடங்கு எந்தச் சட்டத்தின் கீழ் இடப்பட்டது என்பதே சட்டத்தரணிகள் எழுப்பிய வினா. நம் நாட்டில் இதற்குப் பொருந்தக்கூடிய சட்டங்கள் இரண்டு. ஒன்று 1947 ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம். மற்றது 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச்சட்டம். முதலாவதன் பெயரைக் கேட்டாலே வன்னி மக்கள் அஞ்சுவர். சில இடைவெளிகள் நீங்கலாக 1983 முதல் 2011 வரை நாம் வாழ்ந்தது அவசரகால விதிகளின் கீழ் அன்றோ! எனினும் அச்சட்டத்துக்கு அரசியலமைப்பின் 155 ஆம் உறுப்புரை ஒரு கடிவாளம் இட்டிருக்கிறது. அவசரகாலப் பிரகடனத்தைப் பாராளுமன்றம் பதினான்கு நாட்களுக்குள் அங்கீகரிக்காவிடில் அது காலாவதியாகும். நீடிக்க வேண்டுமாயின் மாதந்தோறும் புதுப்பித்தாக வேண்டும். வெள்ளையர் ஆட்சியில் பிறந்த 1897 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கோ அத்தகைய மாதக் கெடு கிடையாது. மருந்துப் புட்டி போலத் தோன்றும் பழைய சட்டம், ஆயுதம் போலத் தோன்றும் சட்டத்தைவிடக் குறைந்த காவலோடு இருப்பது வியப்புக்குரியது.

நியூசிலாந்தில் நடந்ததை இவ்விடத்தில் ஒப்புநோக்குவது பயன்தரும். அங்கும் 2020 மார்ச் இறுதியில் மக்கள் வீட்டில் இருக்குமாறு பணிக்கப்பட்டனர். ஒரு குடிமகன் வழக்குத் தொடுத்தார். அந்தக் கட்டுப்பாடு தேவையானது, நியாயமானது என்று உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனினும் முதல் ஒன்பது நாட்களும் அதற்குரிய சட்ட ஆணை இருக்கவில்லையாதலால், அந்நாட்களில் அது சட்டத்துக்குப் புறம்பானதே என்று அவ்வாண்டு ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. இதனால் அரசாங்கம் கவிழவில்லை, நோய் பெருகவுமில்லை. நல்ல காரியத்தையும் சட்டத்தின் வழியே செய்ய வேண்டும் என்பது மட்டும் நிலைநாட்டப்பட்டது.

1897 இன் நினைவுகள்

அந்த 1897 ஆம் ஆண்டு கவனிக்கத்தக்கது. முந்திய ஆண்டில் பம்பாயில் பரவத் தொடங்கிய பிளேக் நோயின் அச்சத்திலேயே இந்தியாவிலும் கொள்ளைநோய்ச் சட்டம் அவ்வாண்டு இயற்றப்பட்டது. பூனா நகரில் சிப்பாய்கள் வீடுவீடாகப் புகுந்து நோயாளரைத் தேடினர். பெண்கள் அவமதிக்கப்பட்டனர் என்றும் பூசையறைகள் மாசுபட்டன என்றும் மக்கள் குமுறினர். பிளேக் அதிகாரி ராண்ட் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சுடப்பட்டார். ஆட்சியைக் கண்டித்து எழுதிய திலகர் இராசத்துரோகக் குற்றத்துக்காகச் சிறை சென்றார். நோயைத் தடுக்க வந்தவரை மக்கள் பகைவராகக் கண்டால், நோயாளியை ஒளித்துவைப்பார்கள். அப்போது நோயே வெற்றிபெறும்.

இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் மண்டபம் முகாமில் சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டு, சோதிக்கப்பட்ட பின்னரே கடல்கடக்க விடப்பட்டனர். நோய்த்தடுப்புச் சட்டத்தின் பாரம் எப்போதும் ஏழையின் தோளிலேயே முதலில் இறங்குகிறது. நம் காலத்திலும் அவ்வாறே. தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் 2020 ஜூன் மாதம், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்தனர் என்ற குற்றச்சாட்டில் ஜெயராஜ் என்னும் வியாபாரியும் அவர் மகன் பென்னிக்சும் பொலிசாரால் கொண்டுசெல்லப்பட்டு, காவலில் அடிபட்டு, அடுத்தடுத்து உயிர்நீத்தனர். உயிரைக் காக்க இட்ட கட்டளையின் பெயரால் இரு உயிர்கள் போயின.

இறந்தோர்க்கும் இடமில்லை

அளவு என்னும் சோதனையில் நம் நாடு மிகமோசமாகத் தவறியது சடலங்கள் விடயத்திலேயாகும். 2020 ஏப்ரல் 11 ஆம் திகதி வெளியான வர்த்தமானி, கொரோனாவால் இறந்தோர் அனைவரையும் எரித்தே ஆகவேண்டும் என விதித்தது. புதைப்பதும் எரிப்பதும் ஆகிய இரண்டுமே செய்யத்தக்கவை என உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்னரே கூறியிருந்தது. எனினும் நிலத்தடி நீர் மாசுபடும் என்னும் கூற்றே இங்கு மேலோங்கியது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர் சிலரும் உச்சநீதிமன்றத்தை நாடினர். 2020 டிசம்பர் முதலாம் திகதி அம்மனுக்கள் விசாரணைக்கு எடுக்கப்படாமலே தள்ளுபடியாயின. அதே மாதத்தில், பிறந்து இருபது நாட்களேயான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது.

தகனஞ் செய்யும் வழக்கமுடைய இந்துக்களுக்கு இக்கட்டளை ஒரு சுமையாகத் தோன்றாது. அதனாலேயே அதனை நிறுத்துப் பார்க்கும் பொறுப்பு இந்துக்களுக்கு அதிகம். நம் வழக்கத்தோடு ஒத்துவரும் கட்டளை நமக்குக் கட்டளையாகவே தெரிவதில்லை. சைவர்களும் சிறு குழந்தைகளையும் துறவிகளையும் எரிப்பதில்லை, புதைக்கிறோம். நம் குழந்தையை நம்மிடமிருந்து வாங்கிப்போய் எரித்திருந்தால் நம் உள்ளம் எவ்வாறு கொதித்திருக்கும் என்று எண்ணிப்பார்த்தால் போதும்.

2021 பெப்ரவரி 25 ஆம் திகதி அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் எங்கே? மார்ச் 2 ஆம் திகதி அறிவிக்கப்பட்ட இடம் நம் கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவு! 1992 இல் இடம்பெயர்ந்து, கால் நூற்றாண்டு காத்திருந்து, 2018 இல் தம் தீவில் மீண்டும் கால்வைத்த மீனவ மக்களை ஒரு வார்த்தை கேட்காமல் எடுக்கப்பட்ட முடிவு அது. இரணைமாதாநகரில் மக்களும் குருமாரும் எதிர்த்து நின்றனர். சில நாட்களில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. ஒரு சமூகத்தின் துயரைத் தீர்க்கப்போய் இன்னொரு சமூகத்தின் தலையில் அதனை இறக்கிவைப்பது, மக்களைக் கேளாது ஆளும் ஆட்சிக்கு எளிதாக வருகிறது. 2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு நல்லதே. ஆயினும் சாம்பலை மீண்டும் உடலாக்க எந்த அமைச்சரவையாலும் இயலாது.

கேப்பாப்பிலவுக்கு வந்த ஆசிரியர்

ஆசிரியத் தொழில் புரிவோர் மறக்கலாகாத ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 2021 ஜூலை 8 ஆம் திகதி, கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்துக்கு அருகே நடந்த ஆர்ப்பாட்டத்தில் பலர் கைதாயினர். நீதவான் அவர்களைப் பிணையில் விடுவித்தார். ஆனால் அவர்கள் வீடு செல்லவில்லை. இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உட்பட ஒரு தொகுதியினர் வாகனத்தில் ஏற்றப்பட்டு, முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால், முல்லைத்தீவு கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் தனிமைப்படுத்தப்பட்டனர். ஒரு வாரத்தின் பின்னரே விடுதலை கிடைத்தது.

நீதிமன்றம் திறந்த கதவைச் சுகாதார விதி மீண்டும் பூட்டியது. நோய் ஐயம் இருந்ததாயின் அவரவர் வீட்டிலேயே தனித்திருக்கச் சொல்லலாமே! நாட்டில் ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் இருந்தனர். கேப்பாப்பிலவு என்னும் பெயர் தெற்கில் பலருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும். விமானப்படையின் வேலிக்குள் அகப்பட்ட தம் காணிகளைக் கேட்டு மக்கள் 2017 இல் இரவும் பகலும் வீதியோரத்தில் அமர்ந்திருந்த மண் அது. வடக்கே ஒரு சாராருக்கு நேர்வது தமக்கு நேராது என்று எண்ணியிருந்தோருக்கு, அந்த நெடும்பயணம் ஒரு பாடமாகவே அமைந்தது.

இதே அரசாங்கம், 2021 ஓகஸ்டில் வைத்தியர்கள் நாட்டை முடக்குமாறு வேண்டிநின்றபோது தயங்கியது. இருபதாந் திகதியே முடக்கம் வந்தது. அம்மாத இறுதியில் ஒரு நாளில் இருநூறு பேரளவில் இறந்தனர். கூட்டத்தைக் கலைப்பதில் காட்டிய வேகம் நோயைத் தடுப்பதில் இருக்கவில்லை. அதிகாரம் மிகுதியாக இருந்தமையால் அக்கறையும் மிகுதியாக இருந்தது என்று கொள்வதற்கில்லை. கட்டற்ற அதிகாரம் கையில் இருந்தும் பதினாறாயிரம் உயிர்களை நாம் இழந்தோம்.

நாம் செய்யத்தக்கது

ஆகவே, அடுத்த கொள்ளைநோய் வருமுன்னரே இரணைமடு விவசாயியின் நான்கு கேள்விகளையும் நம் சட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். கட்டளைக்கு ஆதாரமான மருத்துவச் சான்று பகிரங்கமாக இருக்கட்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் கெடு இருக்கட்டும். நீடிக்க வேண்டுமாயின் பாராளுமன்றம் கூடி வாக்களிக்கட்டும். கலைக்கப்பட்ட சபையையும் அதற்காகக் கூட்டலாம் என்று விதி செய்யலாம். கடற்கரைக் குடிசைக்கும் கொழும்பு மாளிகைக்கும் ஒரே நியாயம் இருக்கட்டும். தனிமைப்படுத்தப்பட்டவர் விரைந்து நீதிமன்றத்தை அணுக வழி இருக்கட்டும். நாட்கூலியை நம்பியிருப்போரை வீட்டில் இருத்தும் அரசாங்கம், அவர் வீட்டு அடுப்பு எரியவும் பொறுப்பேற்கட்டும்.

குடிமக்களாகிய நமக்கும் கடமை உண்டு. சுகாதாரப் பரிசோதகர் நம் வாசலுக்கு வரும்போது மறைக்காமல் உண்மை சொல்வதும், நோயுற்ற அயலவரை ஒதுக்காமல் உணவு கொண்டுபோய்ப் படலையில் வைப்பதும் அக்கடமையே. குடியியற் கல்வி கற்கும் நம் பிள்ளைகள் கீழ்ப்படிதலை ஒரு பக்கத்திலும் உரிமையை மறு பக்கத்திலும் வைத்து மனனஞ் செய்கிறார்கள். இரண்டும் ஒரே பாடம் என்பதை வீட்டில் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். கணக்குக் கேட்கத் தெரிந்தவனே மனமுவந்து கொடுப்பான். கணக்குக் காட்டும் அரசையே ஆபத்து வேளையில் மக்கள் நம்புவர்.

இரவல் கொடுப்பது நம் ஊர்ப் பண்பு. அதைக் கைவிட வேண்டாம். ஆனால் கொடுத்த பொருளை நாள் பார்த்துத் திருப்பிக் கேட்பதும் நம் ஊர் வழக்கமே. அதிலே வெட்கமும் இல்லை, பகையும் இல்லை.