இராத்திரி இருமலும் வெள்ளணுக்களும்

கடற்கரைக் குப்பங்களில்

கொக்கிலமேடு, தேவனேரி, சதுரங்கப்பட்டினம் முதலான கடற்கரைக் குப்பங்களில் வாழ்வோர், பகலெல்லாம் சௌக்கியமாயிருந்து, நடுநிசிக்கு மேல் படுக்க முடியாமல் இருமி இளைத்து எழுந்து உட்கார நேரும்போது, வந்திருப்பது காசநோயோ ஆஸ்துமாவோ என்று கலங்குவது இயல்பே. ஆயினும், யானைக்கால் வியாதி நெடுங்காலம் நிலைகொண்டிருந்த செங்கல்பட்டுச் சீமையில், மூன்றாவதான ஒரு காரணத்தையும் நினைக்க வேண்டியது அவசியம். அதற்குத் துப்புக் கொடுப்பது ஒரு துளி இரத்தத்தில் தெரியும் ஈசினோஃபில் என்னும் வெள்ளணு வகை.

சாயம் காட்டும் பேதம்

வெள்ளணுக்கள் இயல்பில் நிறமற்றவை. 1879இல் பால் எர்லிச் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி சாயங்களைக் கொண்டு அவற்றை வகைபிரிக்க வழிகண்டார். இன்று நம் ஆய்வுக்கூடங்களில், கண்ணாடிச் சில்லில் மெல்லப் பரப்பி உலர்த்திய இரத்தத்துக்கு லீஷ்மன் சாயமிட்டு, எண்ணெய்த் துளி விட்டு, ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்க்கிறார்கள். உட்கரு மூன்று நான்கு கண்டங்களாகப் பிரிந்திருப்பது நியூட்ரோஃபில். பெரும்பாலும் பாதிக்கு மேல் இதுவே. உருண்டையான உட்கருவே ஏறக்குறைய முழு இடத்தையும் அடைத்துக்கொண்டிருப்பது லிம்ஃபோசைட். எல்லாவற்றிலும் பெரியதாய், ஒருபுறம் குழிந்த உட்கருவோடு இருப்பது மோனோசைட். கருநீலத் துகள்கள் உட்கருவையே மறைத்துவிடும் பேசோஃபில் நூற்றுக்கு ஒன்று கிடைப்பதும் அரிது. நாம் தேடும் ஈசினோஃபிலோ, இரு கண்டமான உட்கருவைச் சுற்றி, மீன் சினையை நெருக்கி அடைத்தாற்போல ஆரஞ்சு நிறத் துகள்கள் நிறைந்து, ஒருமுறை பார்த்தவர் மறவாத வண்ணம் விளங்கும். சாயத்தைக் கழுவுவதில் அவசரப்பட்டால் மட்டும் அந்நிறம் மங்கி அடையாளம் தப்பும்.

சதவீதம் மட்டும் போதாது

நூறு வெள்ளணுக்களில் ஈசினோஃபில் ஆறு வரை இருப்பது சகஜம். அது 40 சதவீதமாகி, மொத்த வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 12,000 என்றிருந்தால், ஈசினோஃபில் மட்டும் 4,800 ஆகிறது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட இத்தொகையும் இராத்திரி இருமலும் சேர்ந்தால், 1943இல் வைன்கார்ட்டன் என்பவர் விவரித்த வெப்பமண்டல ஈசினோஃபீலியாவை மருத்துவர் சந்தேகிப்பார். கொசுக்கடியால் புகுந்த யானைக்கால் புழுவின் குஞ்சுகளை எதிர்த்து உடல் மிதமிஞ்சிப் போராடுவதன் விளைவு இது. குஞ்சுகள் நுரையீரலில் சிக்கி அழிவதால், இரவில் எடுத்த இரத்தத்திலும் பெரும்பாலும் அகப்படுவதில்லை. எக்ஸ்ரே படமும் சில வேளை காசநோயை ஒத்திருந்து ஏமாற்றும்.

சிகிச்சை

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் அமெரிக்காவில் தலைமை தாங்கிய ஆராய்ச்சியில் பிறந்த டைஎதில்கார்பமசின் என்னும் மாத்திரையே, சுமார் மூன்று வாரம் உட்கொள்ள, இதற்கு மருந்தாகிறது. அசட்டையாய் விட்டால் நுரையீரல் தழும்பேறிவிடும். ஆனால் குடற்புழுவாலும் ஒவ்வாமையாலும்கூட ஈசினோஃபில் ஏறுமாதலால், ரிப்போர்ட்டைக் காட்டிக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கலாகாது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்று, சளிப் பரிசோதனையோடு வெள்ளணுக்களின் வகைக் கணக்கையும் எடுத்துப் பார்க்கும்படி மருத்துவரைக் கேளுங்கள்.