கப்பல்ல எப்ப வேணாலும் சாப்பிடலாமா? ஒரு நாற்காலிக் கணக்கு

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைத் துறைமுகம் 45 கி.மீ. அளவுதான். 2022 ஜூன் 4 அன்று முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து கோர்டிலியாவின் எம்ப்ரெஸ் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது. அடுத்த வருஷம் ஜூன் மாதம் அதே கப்பல் இலங்கைக்கும் போனது. அதுக்கப்புறம் நம்ம பக்கத்து ஆட்களும் "குடும்பத்தோட ஒரு தடவை போயிட்டு வரலாமா" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். டிக்கெட் விலைக்கு அடுத்தபடியா வரும் கேள்வி எப்பவும் சாப்பாடுதான். "நம்ம இஷ்டத்துக்கு எப்ப வேணாலும் போய் சாப்பிடலாமா, இல்ல அவங்க சொல்ற நேரத்துக்குத்தான் போகணுமா?"

இதற்கான பதிலைத் தேடினால் கப்பல் கம்பெனிகளின் விளம்பரங்களில் 'உங்கள் விருப்பப்படி உணவு' என்று அழகழகான பெயர்கள் கிடைக்கும். அந்தப் பெயர்களை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், இது நம்ம சிப்காட் கேன்டீன்ல தினமும் நடக்கும் அதே கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் பழைய முறை

பயணிகள் கப்பல்களில் இரவு உணவு என்பது ரொம்ப காலமாக நம்ம கல்யாணப் பந்தி மாதிரிதான். முதல் பந்தி மாலை 6 மணி வாக்கில், இரண்டாம் பந்தி 8, 8.15 வாக்கில். எந்தப் பந்தி, எந்த மேஜை, பக்கத்தில் யார் எல்லாம் முதல் நாளே முடிவாகிவிடும். கடைசி நாள் வரை அதே இடம், அதே பரிமாறுபவர். இரண்டாம் நாளே "இந்த அம்மாவுக்கு காரம் ஆகாது" என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

காரணம் எளிமையானது. 1,000 பேர் சாப்பிட வேண்டும், எல்லாரும் ஒரே நேரத்தில் என்றால் 1,000 நாற்காலி வேண்டும். இரண்டு பந்தி என்றால் 500 போதும். கப்பலில் இடம் என்பது காசு. சாப்பாட்டுக் கூடத்தில் மிச்சமாகும் இடத்தில் அறை கட்டி விற்கலாம்.

நினைத்த நேரத்தில் சாப்பிடும் ஆசையும் பழசுதான். 1905-இல் வந்த ஜெர்மன் கப்பலான 'அமெரிக்கா'வில் ரிட்ஸ்-கார்ல்டன் பெயரில் தனி உணவகம் இருந்தது. தனியாகக் காசு கொடுப்பவர்கள் பந்திக்குக் காத்திருக்காமல் வேண்டியதை வாங்கிச் சாப்பிடலாம். அதை எல்லாப் பயணிகளுக்கும் பொதுவாக்கிய பெரிய மாற்றம் 2000-இல் வந்தது. நார்வீஜியன் க்ரூஸ் லைன் 'ஃப்ரீஸ்டைல்' என்று பெயர் வைத்து, நிலையான பந்தியையே எடுத்துவிட்டது. மற்ற கம்பெனிகளும் ஏதோ ஒரு வகையில் பின்தொடர்ந்தன.

ஒரு பக்க விளைவையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கடைசி இரவு பரிமாறியவர் கையில் கவரில் டிப்ஸ் கொடுப்பார்கள். தினம் ஒருவர் பரிமாறினால் யாருக்குக் கொடுப்பது? அதனால்தான் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணத்தை பில்லிலேயே சேர்க்கும் வழக்கம் பரவியது.

இஷ்டத்துக்கு வந்தால் எத்தனை நாற்காலி?

இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. உள்ளே இருக்கும் ஆட்கள் = மணிக்கு வருபவர்கள் × ஒருவர் உள்ளே இருக்கும் நேரம். அவ்வளவுதான்.

அதே 1,000 பேர், மாலை 5.30 முதல் 9.30 வரை சீராக வருகிறார்கள் என்று வையுங்கள். மணிக்கு 250 பேர். ஒருவர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் 250 × 1.5 = 375 நாற்காலி போதும். பந்தி முறையை விடவும் குறைவு!

ஆனா ஜனங்க சீராவா வருவாங்க? ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்தான் எல்லாருக்கும் பசிக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் 450 பேர் வந்தால், ஆறரைக்கு வந்த ஒரு நூறு பேர் இன்னும் எழுந்திருக்காமல் இருந்தால், எட்டு மணிக்கு 550 நாற்காலி வேண்டும். 375-க்கும் 550-க்கும் இடையிலான அந்த வித்தியாசத்தை அடைக்கத்தான் முன்பதிவு. "7.30 முடிந்துவிட்டது, 6.45 அல்லது 8.30 தரட்டுமா?" என்று கேட்கும்போது உங்களைக் கூட்டம் இல்லாத நேரத்துக்கு நகர்த்துகிறார்கள். மேலுக்கு சுதந்திரம் மாதிரி தெரியும். உள்ளே நடப்பது நிறைய சின்னச் சின்னப் பந்திகள்.

மேஜை அளவு இன்னொரு சிக்கல். நாலு பேர் மேஜையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் பாதி நாற்காலி வீண். "வேறு யாரோடாவது சேர்ந்து உட்கார்றீங்களா?" என்று கேட்பது இதற்குத்தான். சம்மதித்தால் சீக்கிரம் இடம் கிடைக்கும்.

இந்தக் கணக்கு தப்பியதும் உண்டு. ராயல் கரீபியன் 2014-இல் இறக்கிய 'குவாண்டம் ஆஃப் த சீஸ்' கப்பலில் பெரிய சாப்பாட்டுக் கூடத்தையே சிறு உணவகங்களாகப் பிரித்து, முன்பதிவு முறை வைத்தது. பயணிகளுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச காலத்தில் பழைய பந்தி முறையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இனி நம்ம கேன்டீன்

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வைக்கச் சொல்ல வழி செய்தது. 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து, 100 ஆக்கியது. பழைய சட்டத்தின்கீழ் பல மாநிலங்கள் எழுதிய விதிகளில் ஒரு வரி உண்டு: ஒரு நேரத்தில் வேலையில் இருப்பவர்களில் 30 சதவீதம் பேராவது ஒன்றாக உட்கார இடம் இருக்க வேண்டும். 55-ஆம் பிரிவு, ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது, இடைவேளை அரை மணிக்குக் குறையக் கூடாது என்றது.

ஷிஃப்டுக்கு 600 பேர் என்று வைப்போம். 30 சதவீதம் என்றால் 180 நாற்காலி, ஆக நாலு பேட்ச். காலை 8 மணிக்கு ஷிஃப்ட் ஆரம்பித்தால் கடைசி பேட்ச் ஒரு மணிக்குள் போயாக வேண்டும். அப்போ 11.30, 12, 12.30, 1 என்று சரியாகப் பொருந்துகிறது. காகிதத்துல பிரச்சனையே இல்ல.

இப்ப தட்டு வாங்கும் இடத்துக்கு வாங்க. ஒருத்தருக்கு சோறு, சாம்பார், பொரியல் போட 10 நொடி. 180 பேருக்கு 30 நிமிஷம். ஒரே கவுன்டர் என்றால் கடைசி ஆள் கையில் தட்டு வரும்போது மணி அடிச்சிடும். இரண்டு கவுன்டர் வைத்தால்கூட அவருக்கு 15 நிமிஷம் வரிசையிலேயே போய்விடும். சட்டம் கொடுத்த அரை மணியில் பாதி. நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் கான்ட்ராக்ட் ஆட்கள்தான் எப்பவும் கடைசி பேட்ச், வரிசையிலும் அவர்களே கடைசி. பொரியல் தீர்ந்திருக்கும். நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். எல்லாரும் சொன்ன தீர்வு, "இன்னும் பத்து மேஜை போடுங்க."

மேஜையால் இது தீராது. தடை கவுன்டரில் இருக்கிறது. கப்பல்காரன் செய்வதையே இங்கேயும் செய்யலாம்: அரை மணிக்கு ஒருமுறை 180 பேரை அனுப்பாமல், கால் மணிக்கு ஒருமுறை 90 பேர். 11.30, 11.45, 12 என்று ஏழு தொகுதி. கடைசித் தொகுதி அப்பவும் ஒரு மணிக்குப் போய்விடும். உள்ளே ஒரே நேரத்தில் இருப்பவர்கள் அதே 180 தான். ஆனால் இரண்டு கவுன்டரில் 90 பேருக்கு ஏழரை நிமிஷம் போதும். ஒரு நாற்காலி கூட வாங்காமல் கடைசி ஆளின் காத்திருப்பு பாதியாகிறது. எந்த லைன் கடைசியாகப் போவது என்பதை வாரம் ஒருமுறை மாற்றினால் பொரியல் பிரச்சனையும் ஒரே ஆள் தலையில் விழாது.

கப்பலுக்குப் போகிறவர்களுக்கு

டிக்கெட் போடும்போதே நிலையான பந்தியா, நெகிழ்வு முறையா என்று கேளுங்கள். சர்க்கரைக்கு நேரத்துக்கு மாத்திரை போடும் பெரியவர்கள் கூட வந்தால் முதல் பந்தி நல்லது. நேரம் மாறாது, பரிமாறுபவருக்கும் பழகிவிடும். நெகிழ்வு முறை என்றால், எட்டுப் பேர் குடும்பம் முன்பதிவு இல்லாமல் ஏழரைக்குப் போய் நிற்காதீர்கள். திறந்த உடனே போங்கள், இல்லாவிட்டால் எட்டரைக்கு மேல். தனிக் கட்டண உணவகம் வேண்டுமென்றால் ஏறுவதற்கு முன்பே பதிவு செய்ய வழி இருக்கிறதா பாருங்கள். இரவு நிகழ்ச்சி நேரத்தைப் பார்த்துவிட்டு மேஜை நேரத்தை எடுங்கள். இரண்டும் மோதினால் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்க வேண்டி வரும்.

மற்றபடி உங்க ஆலையில கேன்டீன் கமிட்டியில இருக்கீங்கன்னா, அடுத்த கூட்டத்துக்கு முன்னாடி ஒரு நாள் கைக்கடிகாரத்தோட கவுன்டர் பக்கம் நின்று, ஒரு தட்டுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். மேஜை கேட்பதா, கவுன்டர் கேட்பதா, நேரத்தை மாற்றச் சொல்வதா என்பது அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும்.