பாய் பத்தமடையில், கட்டுரை டார்ஜிலிங்கில்

நெல்லையில் அம்பாசமுத்திரம் பஸ் ஏறினால், சேரன்மகாதேவிக்கு முன்னாலேயே பத்தமடை வந்துவிடும். மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய்க்குப் பேர்போன ஊர். அதன் கோரைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் புவிசார் குறியீடு பற்றி எழுதச் சொன்னால், நம் சட்ட மாணவர்களில் பலர் டார்ஜிலிங் தேயிலையில் தொடங்கி பாஸ்மதி அரிசியில் முடித்துவிடுகிறார்கள்.

காரணம் எளிது. இந்தியாவில் முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. அதை வைத்துக் கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. தீர்ப்பு இருக்கிறது, அதைப் பற்றிய கட்டுரைகளும் குவிந்து கிடக்கின்றன. நாலைந்தைப் படித்து ஐந்தாறு பக்கம் எழுதிவிடலாம். அதைத் தொகுப்பு என்று சொல்லலாம். விடை தெரியாத ஒரு கேள்வி இருந்தால்தான் அது ஆய்வு.

பத்தமடையில் அப்படிப்பட்ட கேள்விகள் நிறைய. 1999இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீடுச் சட்டம் காப்பது பெயரை மட்டுமே. பிளாஸ்டிக் பாய் விற்பவர் அதைப் ‘பத்தமடைப் பாய்’ என்று சொல்லாதவரை இந்தச் சட்டம் அவரைத் தொடாது. கைத்தறிக்காரரின் பிழைப்பைக் கெடுப்பது போலிப் பெயரா, மலிவு விலையா? போலிப் பெயர் என்றால் சட்டத்தில் மருந்து இருக்கிறது. மலிவு விலை என்றால் அதை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். அதே ஊரில் விசைத்தறியில் நெய்த பாய்க்கு அந்தப் பெயர் பொருந்துமா என்பது இன்னும் சிக்கலான கேள்வி. பதிவுக்கான விண்ணப்பத்தில் தயாரிப்பு முறையை எப்படி விவரித்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இன்னொன்று பலர் கண்ணில் படுவதில்லை. பதிவேட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. ‘அ’ பகுதியில் குறியீடும் அதன் உரிமையாளரான சங்கமோ அமைப்போ இருக்கும். ‘ஆ’ பகுதியில் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்கள், அதாவது தனித்தனி உற்பத்தியாளர்கள். போலியை எதிர்த்து இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடும் உரிமை இந்த இரு தரப்புக்கும்தான். வாழ்நாளெல்லாம் பாய் நெய்தவராக இருந்தாலும், ‘ஆ’ பகுதியில் பெயர் இல்லையென்றால் அவரால் 21ஆம் பிரிவைப் பயன்படுத்த முடியாது. பதிவும் பத்தாண்டுக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். எத்தனை நெசவாளர் பெயர் ஏறியிருக்கிறது, ஏறாதவர்கள் ஏன் ஏறவில்லை என்று ஒரு மாணவர் பத்தமடைத் தெருக்களில் விசாரித்து எழுதினால், நான் அதை இன்னொரு டார்ஜிலிங் கட்டுரைக்கு மேலே வைப்பேன்.

ஆவணங்களுக்கு டெல்லிக்கு ஓட வேண்டாம். பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அது வெளியிடும் இதழில் ஒவ்வொரு விண்ணப்பத்தின் விவரமும் வரும். சட்டத்தின் 66ஆம் பிரிவுப்படி வழக்கை மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம்.

எழுதியதை எங்கே வெளியிடுவது? மாணவர்களே ஆசிரியர்களாக இருந்து நடத்தும் சட்ட ஆய்விதழ் புதிதல்ல. ஹார்வர்டு லா ரிவ்யூ 1887இல் தொடங்கியது. (சுவாமி சிவானந்தர் பத்தமடையில் பிறந்ததும் அதே ஆண்டுதான், தற்செயல்தான்.) அதில் 1890இல் வாரன், பிராண்டைஸ் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் எழுதிய அந்தரங்க உரிமை பற்றிய கட்டுரையை, 2017இல் நம் உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கின் தீர்ப்பில் பேசியது. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் ஆய்விதழையும் மாணவர்களே நடத்துகிறார்கள். இத்தகைய இதழ்களில் அடிக்குறிப்புகளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், திருத்தம் கேட்பார்கள், மாதக்கணக்கில் காக்க வைப்பார்கள். நிராகரிக்கவும் செய்வார்கள்.

பணம் கட்டினால் இரண்டே நாளில் ஏற்றுக்கொள்ளும் இதழ்களும் உண்டு. ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறது என்று விளம்பரம் செய்வார்கள். அது வெறும் எட்டு இலக்க அடையாள எண். தரச் சான்று அல்ல. பல்கலைக்கழக மானியக் குழு நம்பகமான இதழ்களுக்காக வைத்திருந்த ‘கேர்’ பட்டியலையும் 2025இல் கைவிட்டுவிட்டது. ஆகவே இதழை எடைபோடும் பொறுப்பு இப்போது மாணவர் தலையில்தான். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் யார், பழைய இதழ்கள் படிக்கக் கிடைக்கின்றனவா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவிடம் தீர்ப்புகளைக் கேட்டு வாங்குபவர்களுக்கு ஒரு செய்தி: 2023இல் நியூயார்க்கில் அப்படிக் கிடைத்த, இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அனுபவமுள்ள வழக்கறிஞர்களுக்கே இந்த கதி.

கட்டுரை அச்சான பிறகு, மாணவர்கள் அதன் சாரத்தை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிப் பத்தமடை நெசவாளர்களிடம் கொடுக்கட்டும். பயன்பாட்டாளராகப் பதிவதற்கான விண்ணப்பக் கட்டணம் 2020இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது என்பது அந்தப் பக்கத்தின் முதல் வரியாக இருக்கட்டும்.